மாநாட்டுக்கு வந்த இடத்தில் சென்னையைப் பார்ப்பது எப்படி

சென்னையில் மூன்று நாள் மாநாடு என்றால், ஊரைப் பார்க்கக் கையில் மிஞ்சும் நேரம் எவ்வளவு? காலை அமர்வு தொடங்கும் முன் இரண்டு மணி நேரம், மதியச் சாப்பாட்டை ஒட்டி ஒன்றரை மணி நேரம், மாலை ஐந்தரைக்குப் பிறகு நான்கு மணி நேரம், ஊர் திரும்பும் நாளில் அரை நாள். இவ்வளவுதான். இந்தத் துண்டு நேரங்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு இடங்களைத் தேடுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று ஒரு பட்டியலோடு வந்து இறங்கி, வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பூட்டிய கேட்டிலும், மதியம் ஒரு மணிக்கு நடை சாத்திய கபாலீசுவரர் கோயில் வாசலிலும் போய் நிற்கிறார்கள்.

ஆகவே முதலில் விடுமுறைக் கணக்கு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். திருவான்மியூர் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் வகுப்புகளைப் பார்க்க வேண்டுமானால் கல்வியாண்டு நடக்கும் வார நாள் காலைதான் தோது. கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, மாலை நான்கு மணிக்குத் திறக்கும். உங்கள் மாநாடு புதன் முதல் வெள்ளி வரை என்றால், அருங்காட்சியகத்துக்கு வியாழன் மாலையை நம்பாமல் சனிக்கிழமையை ஒதுக்குங்கள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். நாலரைக்கு உள்ளே போனால் சிலைகளுக்கு முன்னால் ஓடத்தான் முடியும்.

தங்குமிடம்

பெரிய மாநாடுகள் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும், கிண்டி, அண்ணா சாலை ஓட்டல்களிலும், ஐஐடி வளாகத்திலும் நடக்கின்றன. அரங்கத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுப்பது வழக்கம். நந்தம்பாக்கத்தில் தங்கினால், மாலையில் மயிலாப்பூர் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கலைக்காக நேரம் ஒதுக்க உண்மையிலேயே எண்ணமிருந்தால், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வட்டாரத்தில் தங்கிக்கொண்டு, காலையில் மெட்ரோவில் அரங்கத்துக்குப் போங்கள். நீல வழித்தடத்தில் தேனாம்பேட்டையில் ஏறி ஆலந்தூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் வர்த்தக மையம். மாலையில் கூட்டம் முடிந்ததும் அறைக்குத் திரும்புகிற பயணமே கச்சேரிக்கும் கோயிலுக்கும் போகிற பயணமாகிவிடும். மெட்ரோ இரவு பதினொரு மணி வரை ஓடுவதால், ஒன்பதரைக்கு முடிகிற கச்சேரியிலிருந்து திரும்பக் கவலை வேண்டாம். ஆட்டோவுக்குச் செயலியில் பதிவு செய்துவிடுங்கள். தெருவில் கைகாட்டி நிறுத்தினால் பேரத்தில் கால்மணி நேரம் போகும்.

மடிக்கணினிப் பையை அறையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடையாள அட்டையையும் கழுத்திலிருந்து கழற்றிவிடுங்கள். கழற்றிப் போட எளிதான செருப்பு, தோளில் ஒரு துணிப்பை, ஒரு மெல்லிய சால்வை போதும். சென்னை வெயிலுக்குச் சால்வை எதற்கு என்று தோன்றும். கச்சேரி நடத்தும் சபா அரங்கத்தின் ஏசியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் புரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், குடையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை மணி நேரம் கிடைத்தால்: எழும்பூர்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது, பாந்தியன் சாலையில் இருக்கிறது. ஆலந்தூரிலிருந்து பச்சை வழித்தடத்தில் மாறாமல் எழும்பூர் வரலாம். கிண்டியில் இருப்பவர்களுக்குப் புறநகர் மின்சார ரயில் இன்னும் நேர்வழி. நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை.

வளாகம் பெரிது, கட்டடங்கள் பல. முதல் கட்டடத்தில் நுழைந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், வெண்கலச் சிலைகளுக்கு வருவதற்குள் கண்ணும் காலும் களைத்துவிடும். எனவே நேராகப் படிமக் கூடத்துக்குப் போய்விடுங்கள். அங்கே ஒரு மணி நேரம், பிறகு அமராவதிச் சிற்பங்களுக்கு நாற்பது நிமிடம், மிச்ச நேரம் மற்றவற்றுக்கு. அமராவதிக் கூடத்தில் இருப்பவை ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில் இருந்த பெரும் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள். அதே தூபியின் இன்னொரு பெரும் பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

படிமக் கூடத்தில் எல்லாச் சிலைகளையும் பார்க்க முயல வேண்டாம். மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம். முதலில் திருவாலங்காட்டு நடராசர். தீச்சுடர் வட்டமான திருவாசி இல்லாமல் இவர் நிற்பது பார்ப்பவருக்கு ஒரு நன்மை. உடலின் கோடு எதிலும் மறையாமல் கிடைக்கிறது. முன்னால் நின்று தூக்கிய திருவடியில் தொடங்கி, இடுப்பு, மார்பு, தோள் என்று பார்வையை மெல்ல மேலே கொண்டுபோங்கள். ஊன்றிய காலின் கீழே முயலகன் என்னும் குள்ள அசுரன். பின்வலக்கையில் உடுக்கை, பின்இடக்கையில் தீ. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கையில் சுழல்வதாகத் தெரிந்த உடல், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒற்றைக் காலின் மேல் அசையாமல் சமன்பட்டு நிற்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த அருங்காட்சியகத்தின் நடராசரைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்துவிட்டு எழுதிய கட்டுரை 1921-இல் வெளியானது. நமக்குச் சிலையையே சுற்றி வரும் வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். கைகளை எண்ணுங்கள்: மூன்று. சிவன் பக்கம் இரண்டு, அம்பாள் பக்கம் ஒன்று. பாதி ஆண், பாதி பெண் என்று படத்தில் வரைவது எளிது. இங்கே இரண்டு பாதிகளும் ஒரே மூச்சில் நிற்கின்றன. இடுப்பு ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் வளைகிறது, தோளும் அப்படியே, ஆனால் எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

எந்தச் சிலையானாலும் பீடத்தைப் பார்க்க மறக்க வேண்டாம். அதில் துளைகளோ வளையங்களோ இருக்கும். அவை தண்டு கோத்து, கயிறு கட்டித் தோளில் சுமப்பதற்கு. இவை வீதியுலா வந்த உற்சவ மூர்த்திகள். பட்டும் பூவும் நகையும் சாத்தியபின் வீதியில் நின்றவர்கள் கண்டது முகத்தையும் கைகளையும்தான். அப்படியிருந்தும் முதுகுப்புறத்தைச் செய்தவர்கள் விட்டுவைக்கவில்லை. தலைக்குப் பின்னே சிரசக்கரம், தோளில் விழும் சடைச்சுருள்கள், முப்புரிநூல் முதுகில் ஓடும் விதம், எல்லாம் முடிந்த வேலை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றும் முறை இது. மண்ணச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஒரு வார்ப்பில் ஒரு சிலைதான். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் இந்த முறையில்தான் வார்க்கிறார்கள்.

படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. நுழைவுச் சீட்டு வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள், மறந்தால் கூடத்திலிருந்து வாசலுக்குத் திரும்பி நடக்க வேண்டும். வெளியே வந்ததும் 1896-இல் கட்டிய மியூசியம் தியேட்டரையும், செந்நிறக் கல்லில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபத்தையும் வெளிப்புறமாவது ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். கோ-ஆப்டெக்ஸின் பெரிய விற்பனைக் கூடமும் அதே பாந்தியன் சாலையில் இருக்கிறது. காஞ்சிபுரம், ஆரணி, மதுரைச் சுங்குடி என்று ஊர் ஊராகக் கைத்தறி ஒரே கூரையின் கீழ் கிடைக்கும்.

காலை இரண்டு மணி நேரம் கிடைத்தால்: மயிலாப்பூர்

ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் மாட வீதிகளில் வண்டிகள் நிறைந்துவிடும். குளக்கரையில் தொடங்கிக் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நடந்து, கிழக்குக் கோபுரம் வழியாக உள்ளே போங்கள். இன்று நிற்கும் இந்தக் கோபுரம் 1906-இல் எழுந்தது. உள்ளே புன்னை மரத்தடியும் பூம்பாவை சன்னதியும் இருக்கின்றன. அரவம் தீண்டி இறந்த பூம்பாவையை எழுப்பச் சம்பந்தர் பாடிய பதிகத்தில், இந்த மயிலையில் மாதந்தோறும் நடந்த விழாக்கள் வரிசையாக வருகின்றன. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம். இந்த ஊரின் விழா நாட்காட்டிக்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. வருவதற்கு முன் பதிகத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், பார்க்கும் கோயிலே வேறாகத் தெரியும்.

பிரதோஷ மாலைகளிலும் வெள்ளி மாலைகளிலும் கூட்டம் நெரியும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். பங்குனிப் பெருவிழா நாட்களில் உங்கள் மாநாடு அமைந்தால் அது பெரும் பேறு. பத்து நாள் விழா, எட்டாம் நாள் அறுபத்துமூவர். அன்று பிற்பகல் மாட வீதிகளுக்குள் வண்டி நுழையாது, லஸ் முனையிலேயே இறங்கி நடக்க வேண்டும். கைப்பேசியையும் பணப்பையையும் முன் பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் சுமக்க வேண்டாம், வழி நெடுக மோரும் பானகமும் கொடுப்பார்கள்.

நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடைகள். பரதநாட்டியக் கெம்புக்கல் நகை செட்டுகளுக்கும் இந்த வட்டாரம்தான் பெயர்போனது. தெரியாதவர்கள் இதைப் பளபளப்பான விளையாட்டு நகை என்று கடந்துவிடுகிறார்கள். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மாலையில் மேடையில் பார்க்கப்போகிற ஆடலின் பாதி அலங்காரம் அங்கேயே விளங்கிவிடும்.

மார்கழியில் வந்தால்

டிசம்பர் சீசன் என்னும் கர்நாடக இசை விழாக்காலம் தொடங்கியதே ஒரு மாநாட்டில்தான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, அதையொட்டி அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதில் எடுத்த முடிவின்படி 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. இன்றும் அதன் ஆண்டு விழாவுக்கு மாநாடு என்றே பெயர். டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை நடக்கும். ஆகவே மாநாட்டுக்கு வருகிறவர்கள் இசைக்கு நேரம் ஒதுக்குவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

நேரத்துக்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுப்பது எப்படி? காலை எட்டு மணியளவில் அகாடமியில் லெக்-டெம் என்று எல்லோரும் சொல்லும் விளக்கவுரைகள் நடக்கும். ஒரு ராகத்தையோ பாட்டும் மெட்டும் இயற்றிய ஒரு வாக்கேயக்காரரையோ எடுத்துக்கொண்டு வித்வான்கள் பாடிக் காட்டியே பேசுவார்கள். அனுமதி இலவசம். ஆய்வுக் கட்டுரை வாசிக்க வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான காலைப்பொழுது கிடையாது. பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடப்பவை இளம் கலைஞர்களின் கச்சேரிகள், பெரும்பாலான சபாக்களில் இலவசம். கோயில்கள் சாத்தியிருக்கும் வெறும் மதிய நேரத்துக்கு இவையே கதி. நாற்காலிகள் பாதி காலியாக இருக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து விரல் அசைவு வரை பார்க்கலாம். நான்கு மணிக்கும் மாலை ஆறரை, ஏழுக்கும் நடப்பவற்றுக்குக் கட்டணம். முன்னணிக் கலைஞர்களுக்கு டிக்கெட் வெகுமுன்பே தீர்ந்துவிடும். அது கிடைக்கவில்லை என்று சீசனையே கைவிட வேண்டாம். அதே மாலை நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால், பாரதிய வித்யா பவன், பார்த்தசாரதி சுவாமி சபா, பாரிமுனைப் பக்கம் தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம் என்று பல மேடைகளில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும். ஆனால் ஒரே மாலையில் இரண்டு சபா என்று திட்டம் போடாதீர்கள். இரண்டிலும் பாதிதான் கேட்பீர்கள்.

கச்சேரியின் நடையைத் தெரிந்துகொண்டால் எப்போது நுழைவது, எப்போது எழுவது என்பது விளங்கும். பெரும்பாலும் வர்ணத்தில் தொடங்கும். இரண்டு மூன்று கீர்த்தனைகளுக்குப் பிறகு, ஏறக்குறைய பாதி வழியில் பிரதான உருப்படி வரும். ராக ஆலாபனை, பாட்டு, ஒரு வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடும் நிரவல், கற்பனை ஸ்வரம், கடைசியில் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம். அதன்பின் துக்கடாக்கள் என்னும் சிறு பாட்டுகள், மங்களம். தனி தொடங்கியதும் காபிக்காக எழுந்து போகும் பழக்கம் இங்கே பலருக்கு இருக்கிறது. அதைப் பின்பற்றாதீர்கள். அதுவரை பாட்டுக்குத் துணை நின்ற கலைஞர், தன் முழு வித்தையையும் காட்டக் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அது. விமானமோ விருந்தோ இருந்து சீக்கிரம் போக வேண்டியிருந்தால், கதவோரம் உட்கார்ந்துகொண்டு, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கிளம்புங்கள். முதல்முறை கேட்பவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துத் தாளம் போடலாம். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. இது பிடிபட்டாலே ஸ்வரம் எங்கே வந்து விழுகிறது என்று காது காத்திருக்கத் தொடங்கும்.

சபா கேன்டீனுக்கு டிக்கெட் தேவையில்லை. இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விடுவது நல்லது.

டிசம்பர் சீசன் தவறினாலும் கவலை வேண்டாம். ஜனவரி முதல் பாதியில் மாட வீதிகளில் மயிலாப்பூர் விழாவும், பொங்கலை ஒட்டிப் பூங்காக்களிலும் திடல்களிலும் பறை, கரகம், ஒயில், தெருக்கூத்து என்று சென்னை சங்கமமும் நடக்கின்றன. சபா இசையை மட்டும் கேட்டுவிட்டுச் சென்னையின் கலையைப் பார்த்தாயிற்று என்று சொல்வது அரைக்கணக்கு.

ஒரு முழு நாள் கிடைத்தால்: கிழக்குக் கடற்கரைச் சாலை

கலாக்ஷேத்ரா, சோழமண்டலம், தட்சிணசித்ரா, மாமல்லபுரம் நான்கும் ஒரே சாலையை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்காக இந்த வரிசையில் இருக்கின்றன. போகிற வழியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் மாமல்லபுரத்துக்கு உச்சி வெயிலில் போய்ச் சேர்வீர்கள். பாறை கொதிக்கும், சிற்பத்தின் மேல் நிழல் விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். அதனால் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

காலை ஐந்தரைக்கு வாடகைக் காரில் கிளம்பினால், ஐம்பத்தைந்து கிலோமீட்டரைக் கடந்து ஏழு மணிக்குள் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே சீட்டு, இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவர்களுக்கும் 40 ரூபாய்தான், கடவுச்சீட்டை எடுத்துச் செல்லுங்கள். இணையத்தில் வாங்கினால் கொஞ்சம் குறையும். சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், ரதங்களின் வாசலில் மறுபடி கேட்பார்கள். அர்ச்சுனன் தபசு தெருவோரத்திலேயே இருக்கிறது, அதற்குச் சீட்டு கிடையாது. கிழக்கு நோக்கிய பாறை என்பதால் காலை வெளிச்சம் நேராக விழும். நடுவில் உள்ள பிளவில் நாகர்களைப் பார்த்தபின், பெரிய யானையின் காலடிக்கு வாருங்கள். அங்கே ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் அதே நிலை. இந்தப் பூனையைக் காணாமல் திரும்புகிறவர்கள் ஏராளம்.

ரதங்களில் அடிப்பகுதிகளைக் கவனியுங்கள். மேலே நுணுக்கமாக முடிந்திருக்கும், கீழே போகப்போக வேலை நின்றுபோயிருக்கும். பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியதன் தடயம் அது.

பத்தரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குத் தட்சிணசித்ரா. 1996-இல் திறந்தது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணம் இதன் அமைப்பில் உண்டு. செட்டிநாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எனத் தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். வெயில் நேரத்துக்கு ஏற்ற இடம், திண்ணையும் முற்றமும் தாழ்வாரமும் எதற்காக இருந்தன என்பதை உடம்பே சொல்லிவிடும். இரண்டரை மணி நேரம் வேண்டும், சாப்பாடும் அங்கேயே.

திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் 1966-இல் நிலம் வாங்கிக் குடியேறிய கிராமம். பாத்திக் துணி வேலை செய்து விற்ற பணத்தில் வாழ்ந்துகொண்டே, யாரிடமும் கையேந்தாமல் தங்கள் ஓவியத்தை வரைந்தவர்கள். எழுத்தும் எண்ணும் குறியீடும் நிறைந்த பணிக்கரின் ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். நவீன ஓவியம் புரியாது என்பவர்களுக்கும் ஜாதகக் கட்டத்தைப் பார்த்துப் பழகிய கண் இருக்கும், அது அங்கே கைகொடுக்கும். வீடுகள் கலைஞர்களின் குடியிருப்பு, கேட்காமல் உள்ளே நுழையக் கூடாது.

கலாக்ஷேத்ராவை இந்த நாளில் சேர்க்காதீர்கள், அது காலை நேரத்து இடம். ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் பார்க்கத் தக்கது மரத்தடியும் ஓட்டுக் கொட்டகையுமாக நடக்கும் வகுப்புகள். தட்டுக்கழி மரப்பலகையில் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். முதல் நாளே தொலைபேசியில் கேட்டு அனுமதி நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். வகுப்பறை வாசலில் நின்று படம் எடுக்க வேண்டாம். ஐஐடியில் மாநாடு என்றால் இது மிகவும் பக்கம்.

அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றால் மெரினா. கடற்கரைச் சாலை ஓரம் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959-இல் நிறுவியது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். கடல் பக்கமாகச் சுற்றிவந்து பின்புறத்திலிருந்து முதுகுகளைப் பாருங்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் பெரும்பாலும் ஏதாவது ஓவியக் காட்சி நடந்துகொண்டிருக்கும். ஆயிரம் விளக்கு மெட்ரோவிலிருந்து போய் வர ஒரு மணி நேரம்.

வாங்கிப் போக

வெண்கலச் சிலை வாங்க ஆசைப்பட்டால் அண்ணா சாலையில் அரசின் கைவினைக் கடையான பூம்புகாரில் தொடங்குங்கள், விலையின் அளவு தெரிந்துவிடும். கையில் தூக்கிப் பாருங்கள். நம் மரபில் வார்ப்பது கனமாக, உள்ளே பொள்ளல் இல்லாமல். அடி அளவுச் சிலையே பல கிலோ இருக்கும் என்பதால் விமானத்தின் எடைக் கணக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழையது போலக் களிம்பேற்றி விற்பவற்றை வெளிநாடு செல்பவர்கள் தவிர்ப்பது நல்லது. நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பழசாகத் தோன்றும் புதுச் சிலையையும் சுங்கத்தில் நிறுத்திவைப்பார்கள். செய்த ஆண்டும் கடையின் பெயரும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகத்துக்கு இடமுள்ள பொருளுக்கு, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டும். அதற்குச் சில வேலை நாட்கள் தேவைப்படலாம். எனவே சிலை வாங்குவதை மாநாட்டின் முதல் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.